பதினொரு முறை ஒரே பல்லவி

கேட்காத ஒரு சொல்லைக்கூடத் தட்டச்சு செய்ததில்லை என்பதுதான் காதக்காவின் பெருமை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், தெருவில் போகிறவர்களின் கணுக்கால் மட்டுமே சன்னலில் தெரிகிற அந்தத் தட்டச்சு அறையில், எல்லோருக்கும் அவள் காதக்காதான்.

மேலே நடக்கிற விசாரணைகள் எல்லாம் ஒலிப்பதிவாகும். பதிவு கீழே வரும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்பதை அப்படியே எழுத்தாக்குவாள். மேசைக்கடியில், தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் பதிவு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். மறுபடி மிதித்தால் நின்ற இடத்திலிருந்து ஓடாது. இரண்டு நொடி பின்னால் போய் அங்கிருந்து ஓடும். எதற்கு இந்தப் பின்வாங்கல்? காலை எடுக்கிற இமைப்பொழுதில் ஒரு சொல் நழுவியிருக்கலாம். 'இல்லை' என்று ஒரு சாட்சி முனகியது நழுவிவிட்டால், ஒருவன் தலையெழுத்தே மாறிப்போகும். அதனால்தான் அந்த இரண்டு நொடி.

ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி இருக்கும்: 'முழுவதையும் என் காதால் கேட்டுத் தட்டச்சு செய்தேன்.' அதன் கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. சத்தியம் செய்துகொடுத்த தட்டச்சர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருந்தன. அதில் உள்ள ஒருவர் எந்தக் குற்றத்தையாவது எழுத்தில் ஒப்புக்கொண்டால் பெயர் நீக்கப்படும். பெயர் போனால் வேலை போகும். பத்தொன்பது வருடமாக அந்தப் பதிவேட்டில் இருந்தவளுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது.

பாட்டு வெளியிடும் நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம் அனுப்பியிருந்தது. உங்கள் இணைய இணைப்பிலிருந்து எங்களுடைய முப்பத்தேழு பாடல்கள் திருட்டுத்தனமாக ஊருக்கெல்லாம் பகிரப்பட்டுள்ளன. இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் விஷயம் இத்தோடு முடியும். இல்லையேல் நீதிமன்றம்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பாதி வாழ்க்கையை இரண்டு மாடிகளுக்கு நடுவே கழித்தவர் என்பதால் எதற்கும் பதறமாட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நீ பாட்டே கேக்க மாட்டியே. ஆபீஸ்ல கேட்டது போதும், வீட்ல சத்தமே ஆகாதுன்னு சொல்றவ."

"நான் இல்லங்க. நீங்களும் இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே நீட்டிய காலோடு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. முப்பது வருடம் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், ஒரு கீறல்கூட விழாமல் வந்தவள், ஆறு மாதத்துக்கு முன் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். பொழுது போகவில்லை என்றாள். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்றார்கள்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் நாத்தனார், மறைக்கத் தெரியாதவள். "எங்க டிரைவிங் ஸ்கூல்ல படிச்ச ஒருத்தி போன்ல சொல்லித்தந்தா. பாட்டு பேரு அடிச்சா வரும்னா. அடிச்சேன், வந்துச்சு. ஆனா எடுத்தேனே தவிர யாருக்கும் கொடுக்கலையே! நான் யாருக்கு என்னத்தக் கொடுத்தேன்?"

பாவம், அவளுக்குத் தெரியாது. அந்தப் பகிர்வுச் செயலி எப்படி வேலை செய்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாட்டுகளை அடுக்கி வைத்த பெரிய கிடங்கு என்று அதில் எதுவும் கிடையாது. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஓர் அலமாரி. அந்த அலமாரிக்குப் பின்பக்கம் பலகை இல்லை, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். ஒரு பாட்டைக் கேட்டால் செயலி தெருத் தெருவாகப் போய் 'யார் வீட்டில் இருக்கிறது?' என்று விசாரித்து, இருக்கிற வீட்டிலிருந்து பிரதி எடுத்துவந்து நம் அலமாரியில் வைக்கும். வைத்த மறு நொடியே அடுத்த வீட்டுக்காரர் அதை நம்மிடமிருந்து எடுக்கலாம். வாங்கினவர் யாரும் கேட்காமலே கொடுப்பவராகிவிடுவார்.

சங்கம் வேலைக்கு வைத்திருந்த துப்பறியும் நிறுவனமும் அதே தெருவில் அதே செயலியோடுதான் நடந்தது. 'யார் வீட்டில் இருக்கிறது?' என்று கேட்டது. ஒரு வீடு 'இருக்கிறது' என்றதும் பாட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்த வீட்டின் இணைப்பு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை நீதிமன்ற ஆணையைக் காட்டி இணையச் சேவை நிறுவனத்திடம் வாங்கியது. இணைப்பு காதக்காவின் பெயரில் இருந்தது.

"என் பேர்ல எழுதிக்கொடுத்துடறேன்," என்றாள் நாத்தனார். "நான் பண்ணது. என்னப் புடிச்சு உள்ள போடட்டும். கால் வேற உடைஞ்சிருக்கு, எங்கயும் ஓடமாட்டேன்."

"சும்மா இருங்க அண்ணி," என்றாள் காதக்கா.

"சும்மாதான் இருந்தேன். அதுலதான் வந்துது வினையே. அதுவும் என்ன பாட்டு! பூரா திக்குற பாட்டு. ஒண்ணாவது ஒழுங்கா பாடிச்சா? உங்க கம்ப்யூட்டருக்கு ஊசி தேஞ்சுபோச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். யாரு காதுல போட்டுக்கிட்டீங்க?"

கம்ப்யூட்டருக்கு ஏது ஊசி என்று அன்று சிரித்தது காதக்காவுக்கு ஞாபகம் வந்தது. அன்று சிரித்தாள்; கேட்கவில்லை.

இலவச சட்ட உதவி மையத்தில் அவளுக்குக் கிடைத்த வக்கீலுக்கு எப்போதும் அடுத்த வழக்குக்குப் பத்து நிமிடம் தாமதம். நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே கையெழுத்துப் போடுவார்.

"மேடம், இந்த மாதிரிக் கடிதம் இந்த ஊர்ல மட்டும் இருநூத்திப் பதினாலு பேருக்குப் போயிருக்கு. பாதிப் பேர் பயந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. சங்கம் இதுவரைக்கும் ஒரு வழக்குலகூடத் தோக்கல. ஏன்னா யாரும் கோர்ட் வரைக்கும் வர்றதில்ல."

"நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும் சார்."

"போடலைன்னு வச்சுக்கங்க, தோத்தா வேலையும் போகும், வீடும் போகும். பாருங்க, அவங்க துப்பறியும் ஆள் சத்தியப் பத்திரம் கொடுத்திருக்கார்." வக்கீல் ஒரு தாளை உருவினார். "'மேற்படி முப்பத்தேழு ஒலிக்கோப்புகளையும் நான் சரிபார்த்தேன். அவை முழுமையான பாடல்கள் என உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்து. அந்த முப்பத்தேழும் இந்த சிடி தட்டுல இருக்கு. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அவங்க எடுத்த பிரதி. சட்டப்படி நமக்கு ஒரு நகல் கொடுத்திருக்காங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"எதை?"

"பாட்டை."

வக்கீல் முதல் முறையாக நடப்பதை நிறுத்தினார். "பாட்டை எதுக்கு மேடம் கேக்கணும்? பேர் இருக்கு, அளவு இருக்கு, நேரம் இருக்கு."

"கேக்காம எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்று தட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகம் கழித்துப்போட்ட பழைய பெடல் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். பெடல் இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம்தான். ஆனால் கால் சும்மா இருந்தால் காதும் தூங்கிவிடும் என்பது அவள் அனுபவம். ஹெட்போனை மாட்டி முதல் கோப்பை ஓடவிட்டாள்.

*பாதி வழியில நின்னவனே, மீதி வழிய யார் நடப்பா?*

நல்ல குரல். இரண்டாம் அடி தொடங்குமுன் பாடகி ஒரு மூச்சு இழுத்தாள். பல்லவி முடிந்து, வயலின் எழும்பி, அடுத்தது சரணம் வரவேண்டிய இடத்தில்:

*பாதி வழியில நின்னவனே, மீதி வழிய யார் நடப்பா?*

கால் தவறிவிட்டது என்று நினைத்தாள். காலைத் தெரியாமல் எடுத்து மிதித்தால் பதிவு பின்னால் போகுமே. அழுத்தி மிதித்தாள். அதே மூச்சு, அதே வயலின், மறுபடி அதே அடி. பெடல் பழசு, கம்பி விட்டிருக்கும் என்று அதைக் கழற்றியே போட்டாள். இரண்டு காலையும் நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள்.

பாடகி நான்காம் முறையும் பாதி வழியில் நின்றவனையே கேட்டாள்.

காதக்கா பென்சிலை எடுத்தாள். இருபத்திரண்டு நொடிக்கு ஒரு முறை பாட்டு தொடக்கத்துக்குத் திரும்பியது. திரும்பும் இடத்தில், வயலினின் வால் நறுக்கப்பட்டு, கேட்டும் கேட்காததுபோல ஒரு 'டிக்'. ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். பதினொரு முறை. இருபத்திரண்டைப் பதினொன்றால் பெருக்கினால் இருநூற்று நாற்பத்திரண்டு நொடி: நான்கு நிமிடம் இரண்டு நொடி. ஒரு முழுப் பாட்டு ஓடுகிற நேரம். வெளியிலிருந்து பார்த்தால் பெயர் சரி, நீளம் சரி, எடை சரி. உள்ளே ஒரே பல்லவி.

இரண்டாவதும் அப்படி. ஏழாவதும் அப்படி. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது அவள் பதினைந்தாவதில் இருந்தாள்.

"என்ன, சிரிக்கிற?"

"உங்க அக்கா சொன்னது சரி. ஊசி தேஞ்சுதான் போயிருக்கு."

பத்தொன்பதாவது பாட்டில் சிரிப்பு நின்றது. அது பல்லவி, சரணம், மறு சரணம் எல்லாம் பாடி ஒழுங்காக முடிந்தது. மறுபடியும் கேட்டாள். முழுப் பாட்டுதான், பழுதில்லை. தாளில் 'பத்தொன்பது: முழுமை' என்று எழுதினாள். மற்ற முப்பத்தாறும் திக்கின.

யார் இப்படிச் செய்வார்கள்? மெனக்கெட்டு, வெட்டி, ஒட்டி, ஒவ்வொன்றையும் சரியான நீளத்துக்கு நிரப்பி? துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எங்கோ கேட்ட ஒரு குரல் அவளுடைய காதுக்குள் எழுந்தது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, தன் பேச்சைத் தானே ரசிக்கிற ஓர் ஆண் குரல். அவள் முகங்களை மறந்துவிடுவாள். குரலை மறக்கமாட்டாள்.

மறுநாள் வக்கீலை நீதிமன்றப் படிக்கட்டிலேயே மடக்கி, கேட்டதையெல்லாம் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பாட்டுத் திருட்ட எப்படித் தடுக்கறதுன்னு அரசாங்கம் ஒரு பொது விசாரணை வச்சுது சார். அந்தப் பதிவ நான்தான் தட்டினேன். தொண்ணூத்திநாலு பக்கம். யார் வேணும்னாலும் நூலகத்துல எடுத்துப் படிக்கலாம். அறுபத்தோராம் பக்கம் பாருங்க," என்று நகலை நீட்டினாள்.

அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தபின் வக்கீல் அன்றைக்கு எங்கேயும் ஓடவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா அந்தப் பத்தொன்பதாவது பாட்டப் பத்தி வாயத் திறக்காதீங்க மேடம்," என்றார் கடைசியில். "கெஞ்சிக் கேக்கறேன்."

காதக்கா படிவத்தில் கையெழுத்திடாததால் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்த நாளன்று நாத்தனார் ஊன்றுகோலோடு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பின்வரிசைகளில் காதக்காவுக்குத் தெரியாத முகங்கள். ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், சீருடையோடு ஒரு நர்ஸ், இன்னும் பலர். எல்லார் கையிலும் அதே கடிதம். எதிர்ப்பக்கம் சங்கத்தின் வக்கீல், இஸ்திரி மடிப்புக் கலையாத அங்கியில். அவருக்குப் பின்னால் துப்பறியும் நிறுவனத்தின் ஆள். அதற்கும் பின்னால் சங்கத்தின் செயலாளர்.

துப்பறியும் ஆள் கூண்டில் ஏறினார். நம் வக்கீல் ஒரே கேள்வியில் தொடங்கினார்.

"முப்பத்தேழு பாட்டும் முழுமையானதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. சரிபார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யுவர் ஆனர், அவங்க கொடுத்த தட்டுலேர்ந்து முதல் பாட்ட இங்க போட்டுக் கேக்க அனுமதி வேணும்."

சங்கத்தின் வக்கீல் எழுந்தார். "யுவர் ஆனர், இது கச்சேரி மண்டபம் இல்ல. கோர்ட் நேரம் வீணாகுது."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நரைத்த தலையை இறுக்கக் கொண்டை போட்டிருந்த அம்மாள் அவர். "பாட்டுக்காக வந்த வழக்கு. பாட்டக் கேக்கறது எப்படி வீணாகும்? போடுங்க."

*பாதி வழியில நின்னவனே, மீதி வழிய யார் நடப்பா?*

முதல் முறை கேட்டபோது கோர்ட் மொத்தமும் கொஞ்சம் இளகியது. வாசலில் நின்ற டவாலி விரலால் தாளம்கூடப் போட்டார். இரண்டாம் முறை யாரும் எதையும் கவனிக்கவில்லை. பல்லவி இரண்டு முறை வருவது வழக்கம்தானே. மூன்றாம் முறை டவாலியின் விரல் நின்றது. நான்காம் முறை எழுத்தர் தலையைத் தூக்கினார். ஐந்தாம் முறை பின்வரிசையில் ஒரு கமறல் சிரிப்பு.

ஆறாம் முறைக்கு நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்!"

"அம்மா, உட்காருங்க," என்றார் நீதிபதி.

"உட்கார்ந்துதான் இருக்கேன், காலு இப்படி."

சங்கத்தின் வக்கீல் எழுந்தார். "போதும் யுவர் ஆனர், ஏதோ கோளாறு, நிறுத்திடலாம்..."

"ஏன் நிறுத்தணும்? முழுமையான பாட்டுன்னு உங்க சாட்சி சத்தியம் பண்ணியிருக்காரே. முழுமையா கேப்போம்."

முழுமையாகவே கேட்டார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. குழாய் ரிப்பேர்க்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். பத்து. துப்பறியும் ஆள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பதினொன்று. பாட்டு நின்றது.

"இதுல சரணம் எங்க இருக்கு?" என்று கேட்டார் நீதிபதி.

சாட்சி கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்தார். "பெயரும் அளவும் எங்க செயலி தானா ஒத்துப்பார்க்கும் யுவர் ஆனர். ஆயிரக்கணக்குல வருது. ஒவ்வொண்ணையும் திறந்து..." நீதிபதி குறுக்கிட்டார்.

"கேக்கல."

"கேக்கல."

ஆனால் சங்கத்தின் வக்கீல் கெட்டிக்காரர். ஓட்டம் நின்ற லிப்டை வேறு கம்பியில் மாட்டி இழுக்கப் பார்த்தார். "யுவர் ஆனர், பிரதிவாதியோட தொழில் என்னன்னு பாருங்க. ஒலிப்பதிவு! வெட்டவும் ஒட்டவும் தெரிஞ்சவங்க. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சு, பாட்டுகளச் சிதைச்சு வச்சிருக்காங்க. இது சான்றை அழிக்கிற குற்றம். நீதிமன்றத்துலயே வேலை பார்த்துக்கிட்டு!"

காதக்கா தலையைத் தூக்கினாள். நீதிபதியின் பார்வை தன் மேல் விழுவதைக் கண்டாள். பத்தொன்பது வருடக் கைத்திறனே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது. இந்தப் பழி ஒட்டிக்கொண்டால் பதிவேடு என்ன, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அவள் கால் வைக்க முடியாது.

நம் வக்கீல் அவசரமே படாமல் எழுந்தார். "இந்தத் தட்டு சங்கத்தோடது. கடிதம் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி அவங்களே பதிவு பண்ணது. மாட்டிக்குவோம்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. சரி, அப்போ வெட்டி ஒட்டினது யாரு? பொது விசாரணைக் குழுவோட பதிவு, அறுபத்தோராம் பக்கம். சங்கத்தோட செயலாளர் பேசினது. படிக்கறேன்."

படித்தார்.

"'நாங்கள் சும்மா இருக்கவில்லை ஐயா. நாங்களே போலிப் பாட்டுகள் தயாரித்து அந்தத் தெருவில் விடுகிறோம். பெயர் அசல்தான், அளவு அசல்தான். உள்ளே பல்லவி மட்டும் திரும்பத் திரும்ப வரும். திருடனுக்குத் தலைவலியே மிஞ்சும். லட்சக்கணக்கில் விட்டிருக்கிறோம். எங்கள் இயந்திரங்கள் வேகமானவை. தேடினால் முதலில் வருவது எங்கள் போலிதான்.' அடைப்புக்குறிக்குள்ள 'சிரிப்பு'ன்னு போட்டிருக்கு யுவர் ஆனர்."

இந்த முறை கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வலை எப்படி வேலை செய்தது என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது. பாட்டுத் திருட்டில் பழம் தின்று கொட்டை போட்டவன், தேடினால் முதலில் வருவதைத் தொடமாட்டான்; தப்பித் தவறி எடுத்துவிட்டாலும் பத்து நொடி கேட்டு அழித்துவிடுவான். அவன் அலமாரியில் போலி தங்காது. விவரம் தெரியாதவள்தான் முதலில் வருவதை எடுப்பாள், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பாள், அழிக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவைப்பாள். துப்பறியும் நிறுவனம் வரும்போது 'இருக்கிறது' என்று வாசலைத் திறந்து காட்டுவது அவள் அலமாரிதான். கெட்டிக்காரன் எல்லாம் தப்பிவிட, அப்பாவிகளை மட்டும் வாரிக்கொண்டு வந்தது வலை.

"செயலாளர், எழுந்திருங்க," என்றார் நீதிபதி. "இது நீங்க சொன்னதா?"

"சொன்னதுதான் யுவர் ஆனர்." அதே மூக்குக் குரல். காதக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், சந்தேகமே இல்லை.

"போலியத் தெருவுல போடறவங்க ஒரு கம்பெனி. தெருவுல பிடிக்கறவங்க இன்னொரு கம்பெனி. ரெண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கறது நீங்க. ஒருத்தர் போட்டத இன்னொருத்தர்கிட்ட சொல்லலையா?"

"அது... வேற வேற ஒப்பந்தம் யுவர் ஆனர்."

"உங்க கையாலயே தெருவுல போட்டுட்டு, பொறுக்கினவங்களத் திருடங்கறீங்க."

செயலாளர் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. 

கூண்டில் காதக்காவை ஏற்றினார்கள். எல்லாவற்றையும் கேட்டீர்களா என்றார் நீதிபதி. கேட்டேன் என்றாள்.

"முப்பத்தேழும் இப்படித்தானா?"

நம் வக்கீல் இருமினார். பொருள் நிறைந்த, நீண்ட இருமல். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். எதிர்த்தரப்பில் யாரும் கேட்டதில்லை, இனி கேட்கப்போவதுமில்லை.

"இல்ல யுவர் ஆனர். முப்பத்தாறு இப்படி. பத்தொன்பதாவது முழுப் பாட்டு. அசல். ரெண்டு தடவ கேட்டேன்."

வக்கீலின் தலை மேசையில் கவிழ்ந்தது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க வக்கீலுக்கு இது தெரியுமா?"

"தெரியும். சொல்லாதேன்னார்."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"கேட்டதத்தான் சொல்ல முடியும். எங்க வேலை அது."

தீர்ப்பு அன்று பிற்பகலே வந்தது. கேட்காமல் சத்தியம் செய்தவரின் பத்திரத்தையும், தனக்கு எதிரானதையும் கேட்டுச் சொன்னவளின் வாயையும் தராசில் வைத்தால் எது கனம் என்று இந்த நீதிமன்றத்துக்குச் சந்தேகமில்லை என்றார் நீதிபதி. முப்பத்தாறு பாட்டுகளுக்கான வழக்கு தள்ளுபடி. பத்தொன்பதாவதற்கு, கோப்பை அழித்துவிட்டு ஒரு தட்டின் கடை விலையைச் செலுத்தினால் போதும். இது குற்ற ஒப்புதல் ஆகாது. தட்டச்சர் பதிவேட்டில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரின் வழக்குகளில், ஒவ்வொரு கோப்பையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு மனிதர் தம் காதால் கேட்டுக் கையெழுத்திட்டு மூன்று வாரத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அச்சத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களின் ஒப்புதல் படிவங்கள் அதுவரை செல்லாது.

"ஒரு தட்டு என்ன விலை?" என்று எழுத்தர் கேட்டார். சங்கத்தின் வக்கீல் குனிந்து செயலாளரிடம் கேட்டார். செயலாளர் பட்டியலைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். அந்தப் பாட்டின் தட்டு பதினைந்து வருடமாக விற்பனையிலேயே இல்லை. யாருக்கும் ஞாபகமில்லாத பாட்டு என்பதால்தான் அதற்குப் போலி செய்யவும் யாரும் மெனக்கெடவில்லை.

"விக்காத சரக்குக்கா இவ்வளவு சண்டை?" என்றாள் நாத்தனார். இந்த முறை நீதிபதி அவளை அடக்கவில்லை. சாதாரணத் தட்டு ஒன்றின் விலையைச் சொன்னார். நாத்தனார் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஊன்றுகோலை ஊன்றி நடந்துபோய், எழுத்தரின் மேசையில் வைத்தாள். கப்பலை விலைக்கு வாங்குகிறவள்போல.

"பாக்கி சில்லறை வேண்டாம்," என்றாள். "பாட்டு நல்ல பாட்டு. முப்பத்தேழுல அது ஒண்ணுதான் எனக்கு முழுசாப் பாடிக் காட்டிச்சு."

தாழ்வாரத்தில் நர்ஸ் காதக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர், வாழ்நாள் முழுதும் உங்கள் வீட்டுக் குழாய்க்கு நான் பொறுப்பு என்றார். லிப்ட் மெக்கானிக் மனைவியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மூன்று வாரம் ஆகியும் சங்கம் ஒரு கோப்பைக்கூடத் தாக்கல் செய்யவில்லை. கேட்டுப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. இருநூற்றுப் பதின்மூன்று வழக்குகளையும் ஒரே தாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சொந்த வழக்கின் பதிவைத் தட்டச்சு செய்யக்கூடாது என்பது விதி. அது பக்கத்து மேசைக்குப் போயிற்று. அங்கே இருந்தவளின் விரல் வேகத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் மின்னல். ஒரு மதியம் மின்னல் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"காதக்கா, உங்க கேஸ்ல பாட்டு வர்ற இடம். பல்லவிய ஒரு தடவ அடிச்சிட்டு, 'இதுவே தொடர்ந்தது'ன்னு போட்டுடட்டுமா?"

காதக்கா காலை எடுத்தாள். அவளுடைய பதிவு நின்றது.

"எத்தன தடவ வந்துச்சு?"

"எண்ணல. ஏழோ எட்டோ."

"பெடல பின்னாடி விட்டு எண்ணு."

மின்னல் முனகிக்கொண்டே ஹெட்போனை ஏற்றினாள். சன்னலில் இரண்டு ஜோடிக் கணுக்கால்கள் போயின. நான்கு நிமிடம் கழித்து மின்னல் மறுபடி திரும்பினாள்.

"பதினொண்ணு."

"அப்போ பதினொரு தடவ அடி. கடைசில கையெழுத்துப் போடணும்ல," என்று சொல்லிவிட்டுக் காதக்கா பெடலை மிதித்தாள். பதிவு இரண்டு நொடி பின்னால் போய், விட்ட சொல்லை எடுத்துக்கொண்டு ஓடியது.